முட்டி வலிக்காரர்களின் பிரதர்

காலை ஒன்பதரைக்கு எலும்பு டாக்டர் அறை முன்னால் உள்ள பெஞ்சுகளை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார் பிரதர். கையில் ஒரு ஃபைல், சும்மா ஒரு சாக்குக்கு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களை அவர் கண்டுகொள்வதில்லை. பெஞ்சில் இடம் இருந்தும் நின்றுகொண்டிருப்பவர், கேட்காமலே "எனக்கு முட்டி" என்று பக்கத்து ஆளிடம் சொல்பவர், ஈர வேட்டியோடு நடப்பவரைப் போலக் காலை அகட்டி வருபவர், இவர்கள்தான் அவருக்கு வேண்டும். அருகில் போய்க் குனிந்து, "சார், பதினாலாம் நம்பர் ரூம்ல கூட்டம் கம்மி. வாங்களேன்" என்பார். அவர்களும் மறுபேச்சில்லாமல் எழுந்து பின்னால் போவார்கள்.

பதினான்காம் அறை ஆண்களுக்கான சிறு சிகிச்சை அறை. முன்தோலில் வரும் விரிசல், அதன் அடியில் இருக்கும் மெல்லிய தோல் இழையில் திரும்பத் திரும்ப வரும் கிழிசல், ஜிப்பில் மாட்டிய காயம் எல்லாம் நேரே அங்கேதான் வரவேண்டும். ஆனால் பதிவு மேஜையில் இருப்பவர் ஒரு பெண். "என்ன பிரச்சினை?" என்று அவர் கேட்டதும் ஆண்பிள்ளைகளின் வாயில் வருவது "முட்டி" ஒன்றுதான். அவரும் அதையே எழுதி எலும்புப் பக்கம் அனுப்பிவிடுவார். ஒருமுறை ஒருவருக்கு இரண்டு முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். அவரும் வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இந்தக் காலைச் சுற்று. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன மாதம் எனக்கும் முட்டிதான்.

ஆண் நர்ஸ்களை ஆஸ்பத்திரியில் பிரதர் என்பார்கள். இவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஐம்பது வயது, கதவை நிறைக்கும் உடம்பு, சாயம் ஏற்றிய மீசை. கேன்டீனில் அவர் பேசினால் வாசல் வரை கேட்கும். பதினான்காம் அறைக்குள் வந்துவிட்டால் அதே தொண்டை தொட்டில் குழந்தையை எழுப்பாத அளவுக்குத் தணிந்துவிடும்.

என்னை உட்கார வைத்ததும் முதல் வேலையாக என் விரலைத்தான் பிடித்தார். "பிரதர், பிரச்சினை அங்க" என்றேன். "அங்க அடிக்கடி விரிசல் விட்டா இங்கதான் சார் முதல்ல குத்துவோம்" என்று ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. ஆறு மாதமாக நான் மாற்றி மாற்றித் தடவிய களிம்புகளுக்கு அந்த ஒரு சொட்டு பதில் சொல்லிவிட்டது.

கிருமிநாசினி என்றால் அவருக்குப் பிடிக்காது. முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே எதையாவது ஊற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். ஒருவர் ஷேவிங் லோஷன் ஊற்றியிருக்கிறார். "அது என்ன தரையா, ஃபினாயில் போட்டுக் கழுவ? வெறும் தண்ணி போதும். ரத்தம் வந்தா சுத்தமான துணியால பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நிக்கலன்னா ஓடி வாங்க. ஆறுற வரைக்கும் வீட்டுக்காரம்மா கிட்டப் போகாதீங்க." ஜிப்பில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்காகச் சட்டைப் பையில் ஒரு சின்ன கட்டிங் பிளேயர் இருக்கும். அதைப் பார்த்ததும் வந்தவர் முகம் வெளுத்துவிடும். "பயப்படாதீங்க, வெட்டப்போறது ஜிப்பை மட்டும்தான்" என்பார்.

வீட்டில் கொஞ்சம் சங்கடம். "வேலை ஆஸ்பத்திரியில்னு சொன்னா போதும், எந்த ரூம்னு யாரும் கேக்கல" என்பது மனைவியின் நிரந்தர உத்தரவு. மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா பேச்சுவாக்கில் எந்த ரூம் என்று கேட்டுவிட்டார். பிரதர் டீ ஆறும் வரை விளக்கினார். வந்தவர்கள் போனதும் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து போன். "நம்ம பேச்சு நம்மளோட இருக்கட்டும் சம்பந்தி. எனக்கு ஒரு சந்தேகம்." கல்யாணம் உறுதியானது அந்த போனில்தான் என்கிறார் பிரதர்.

சர்க்கரையைக் காட்ட மறுபடி போயிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு இளைஞன். திரை ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. கல்யாணமாகி எட்டு மாதம். ஆறு மாதமாக முன்தோலின் அடியில் அந்த இழை கிழிவதும் ஆறுவதும் மறுபடி கிழிவதுமாக இருக்கிறது. வலிக்குப் பயந்து அவன் மனைவியின் பக்கமே போவதில்லை. காரணத்தையும் சொல்லவில்லை.

"என்னைப் பிடிக்கலைன்னு நேரா சொல்லிடுங்கன்னு கேக்கிறா பிரதர். முட்டி காட்டணும்னு கூட்டிட்டு வந்தேன். இப்படியே அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறப்போறேன்னு பையோட வந்து வெளிய உக்காந்திருக்கா."

"எத்தனை நாளைக்கு?"

"அது சொல்லல."

பிரதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"தம்பி, கிழிஞ்சு ஆறும்போது தழும்பு விழுது. தழும்பு இழுத்தா நீளாது. அதான் திரும்பவும் கிழியுது. டாக்டர் சொன்ன ஆபரேஷன் மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரம். அப்புறம் அதுக்கு ஒரு ஆறு வாரம் லீவு. அவ்வளவுதான் விஷயம். இதை வீட்ல சொல்ல உங்களுக்கு ஆறு மாசம் பத்தலையா?"

"எப்படிச் சொல்றது? அதுக்குப் பேரே தெரியாது எனக்கு."

"பேர் எதுக்கு? நாக்கை மேல தூக்குங்க. கண்ணாடியில பாருங்க. அடியில ஒரு நார் பிடிச்சு இழுத்திருக்கா? அதே மாதிரி ஒண்ணு அங்கேயும் இருக்கு. உங்களுக்கு அது குட்டை. இதைக் காமிச்சு சொல்லுங்க."

திரைக்கு இந்தப் பக்கம் நானும் நாக்கைத் தூக்கித் தடவிப் பார்த்தேன், இருந்தது.

அவன் வெளியே போனான். கதவின் மேல்பாதி கண்ணாடி. பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில், தோளில் மாட்டிய பையை இறக்காமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து ஏதோ ஆரம்பித்தான், நிறுத்தினான், பிறகு வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கி விரலால் காட்டினான். அவள் அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் கையை ஆட்டி ஆட்டி நிறையப் பேசினான். அவள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பையைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, அவனை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

என் வேலை முடிந்திருந்தது. கிளம்பலாம் என்று கதவுப் பிடியில் கை வைத்தேன். பிரதர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். பிறகு வெளியே ஒரு பார்வைகூடப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, அந்தப் பெரிய முதுகைக் கண்ணாடி மேல் சாய்த்து, முழுக்க மறைத்துக்கொண்டு நின்றார்.