பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

சாப்பிட ஒரு துண்டு பாண் வேண்டுமென்றாலும் ஆல்டர்விக் பிரபு எழுந்து நின்றுதான் கேட்பார். இடது கை மேற்சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், தொண்டையை ஒருமுறை செருமுவார். லண்டனில் பிரபுக்கள் சபையில் முப்பது வருடம் பேசிய பழக்கம். 1999இல் சட்டம் மாறி, பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியபோது இவருக்குப் பதவி போனது, பழக்கம் போகவில்லை. “இருங்கோ ஐயா, விழப்போறியள்” என்று இமெல்டா அதட்டினால்தான் உட்காருவார்.

மனைவி பிறந்த ஊர் என்று மொன்றியலுக்கு வந்தவர். மனைவி கண்ணை மூடிய பிறகும், டவுன்டவுனில் பதினோராம் மாடியில் புத்தகங்களோடு தனியே கிடக்கிறார். வயது எண்பத்து நான்கு. அவரைப் பராமரிக்க லாசால் பகுதியிலிருந்து தினமும் மெற்றோவில் வருபவள், மன்னார்க்காரி இமெல்டா. அவள் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு இரண்டு தமிழ்ச் சொற்களைப் பிடித்து வைத்திருக்கிறார்: ‘ஓம்’, பிறகு என்பதற்கு ‘பேந்து’. சாப்பாடு என்றால் ஓம். குளிப்பு, மருந்து எல்லாம் பேந்து.

எழுதியவை ஏழு சரித்திர நூல்கள். எட்டாவது, சொந்தக் குடும்பத்தின் வரலாறு. முந்நூறு வருடத்து ஆட்களில் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு, இறந்த ஆண்டு. பிறர் நூல்களில் ஓர் ஆண்டு பிசகினாலும் சிவப்பு மையால் வெட்டித் தள்ளும் மனிதர், ஒரே மகனுக்கு மட்டும் ‘ஜூலியன், 1957–’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறார். 1988இல் பாய்மரப் படகில் தனியாகப் போனவன். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அந்த ஒரு பக்கம் இல்லாமல் நூல் அச்சேறாது. லண்டனிலிருந்து பதிப்பகத்தார் கெஞ்சும்போது, அவர்களுக்கும் ‘பேந்து’தான்.

போன நவம்பரில் ஒருநாள் இமெல்டா அவருடைய மேசையிலேயே இருந்து ஒரு காகிதத் துண்டில் பெயர் எழுதினாள். அந்த மாதத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தேவாலயப் பீடத்தடிப் பெட்டியில் போடுவது அவளது தமிழ்ப் பங்கின் வழக்கம். தாய், தகப்பனோடு நிறுத்திக்கொண்டாள்.

“உன் அண்ணன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தொண்ணூறாம் ஆண்டு மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போய்த் திரும்பி வராத டனிஸ்ரனைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

“எழுதமாட்டன் ஐயா. அம்மா சாகுமட்டும் எழுத விடேல்லை. நாளைக்கு அண்ணை வந்து நிண்டால், என்ன முகத்தோட முழிப்பன்?”

அரைகுறை ஆங்கிலத்தைத் தமிழால் நிரப்பித்தான் சொன்னாள். அவருக்கு எல்லாம் விளங்கியது. பிறகு, எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே சொன்னார்: “எனக்குப் பின்னால் ஜூலியனுக்காகக் காத்திருக்க ஆளில்லை.”

ஜூலியனின் பக்கத்தை இழுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் 1988 என்று எழுதினார். எட்டுகள் இரண்டும் கோணிப்போயின. “அவன் பெயரையும் உங்கள் பெட்டியில் போடு” என்றார். இமெல்டாவுக்கு அழுகையை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள்.

அவர் குறிப்பெடுக்கும் அட்டைகளில் புதிதாக ஒன்றை எடுத்தார்.

“டனிஸ்ரன் பிறந்த வருடம்?”

“அறுபத்தெட்டு.”

பெயரை எழுதினார். 1968 என்று எழுதினார். பக்கத்தில் நேராக ஒரு கோடு போட்டு, பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.