இரண்டு விநாடி இடைவெளி

ஓட்டத்தில் கணவரைவிட இரண்டு விநாடி பிந்துவது எளிதல்ல. மூச்சு வாங்க ஓடும் ஒருவர் எந்த இடத்தில் தளர்வார், கடைசி ஐம்பது மீட்டரில் எப்போது வீம்பாகக் காலை வீசுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். முன்னால் கேட்கும் அந்தக் காலடிக்கு ஏற்பத் தன் காலைப் பிடித்து வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். உர்சுலாவுக்குத் தெரிந்திருந்தது. மரியஅந்தோணியோடு இருபத்தொன்பது வருடம் வாழ்ந்தவள் அதைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

உர்சுலாவுக்கு வயது ஐம்பத்தாறு. ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் வேலை. மரியஅந்தோணி அவளைவிட இரண்டு வயது மூத்தவர், லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். நாளெல்லாம் லிஃப்டோடு பழகுபவருக்கு இரண்டு மாடி ஏறினால் மூச்சு இரைத்தது. பாசிர் ரிஸ் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பலதுறை மருந்தகத்தில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டி, "சர்க்கரை இப்படியே ஏறிக்கிட்டே போனா அடுத்தது ஊசிதான் அங்கிள்" என்றார். மரியஅந்தோணி சிரித்தார். வீடு வரும்வரை அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருந்தார்.

அதற்கு முன்னும் அவர் பலவற்றைத் தொடங்கியவர்தான். உர்சுலாவின் தம்பியோடு பூப்பந்து ஆடினார். தம்பி நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த மாதம் அதை நிறுத்தினார். தேவாலயத்து நடைக்குழுவில் சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் பேசிக்கொண்டே அவரைக் கடந்துபோன காலையோடு அதுவும் நின்றது. வலியைத் தாங்குவார். பின்தங்குவதுதான் ஆகாது. இந்த ஊரில் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி செய்த ஆண்கள் அடையாள அட்டை எண்ணை மறந்தாலும், இரண்டு புள்ளி நாலு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினோம் என்பதை மறக்கமாட்டார்கள். அவருடையது பத்து நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. பெண் பார்க்க வந்த அன்றே அதை அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

இருவரும் சேர்ந்த பயிற்சிக் குழு ஜாலான் புசாரில், ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு, சனிக்கிழமை காலையில். பன்னிரண்டு பேர். நடத்தியவள் யும்னா, நாற்பதை நெருங்குபவள், முன்பு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. குரலில் பள்ளித் திடல் இன்னும் மிச்சமிருந்தது. குந்தி எழுவது, எடை தூக்குவது, கயிறு தாண்டுவது என்று ஒரு மணி நேரம் வாட்டுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரையும் காலாங் ஆற்றோரம் கூட்டிப்போய் ஓடவிடுவாள். பாலத்தைத் தாண்டி ஒரு விளக்குக் கம்பம்வரை ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர். அதைச் சுற்றி வந்த வழியே திரும்ப வேண்டும். நேரங்களை வெள்ளைப் பலகையில் எழுதி மாடியில் மாட்டிவைப்பாள்.

முதல் ஓட்டத்தில் உர்சுலாவிடம் எந்தத் திட்டமும் இல்லை. முதல் கிலோமீட்டர் முடிந்தபோது தனக்கு இன்னும் மூச்சு இருக்கிறது என்று கண்டு கொஞ்சம் பயந்தாள். அதே நேரம் முன்னால் போன மரியஅந்தோணி திரும்பிப் பார்த்தார்.

"வர்றியா?"

அந்தக் குரலில் அக்கறையைவிடக் கவலை கூடுதலாக இருந்தது. எந்தக் கவலை என்று அவளுக்குத் தெரியும்.

"வர்றேன், வர்றேன். நீங்க போங்க."

அவர் துரத்தப்படுபவர் போல ஓடினார். முடித்துவிட்டுப் புல்லில் மல்லாந்து விழுந்து, "ரெண்டே செகண்டுல தப்பிச்சேன் லா" என்று பக்கத்தில் கிடந்த ஒலி முகம்மதுவிடம் சொன்னார். ஒலி முகம்மது முழங்கால் பட்டையோடு வரும் பயண முகவர், அறுபதைத் தாண்டியவர். "பொண்டாட்டிகிட்ட தப்பிச்சேன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்" என்றார் அவர். மரியஅந்தோணி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அன்று ரயிலில் உர்சுலா முடிவெடுத்தாள்.

ஒன்பது மாதம் அந்த முடிவு வேலை செய்தது. அவர் ஒரு வகுப்பும் தவறவில்லை. அடுத்த ஓட்டத்தில் ஒரு நிமிடம் குறைந்தது, அதற்கடுத்ததில் இன்னொன்று. டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். மூன்று முறையும் பலகையில் அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருந்தது.

மூன்றாவது ஓட்டம் முடிந்த வாரம், மற்றவர்கள் படியிறங்கிய பிறகு, பாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த யும்னா கேட்டாள்.

"அக்கா, ஒன்னு கேட்கவா? மூணு டெஸ்ட். மூணுலயும் அண்ணனுக்குப் பின்னால ரெண்டே செகண்ட். மனுஷங்க அப்படி ஓட மாட்டாங்க."

"தற்செயலா இருக்கும்."

"ரெண்டு பேர் வாட்சுலயும் ஹார்ட் ரேட் பார்த்தேன். அண்ணனுக்கு நூத்தி அறுபது, உங்களுக்கு நூத்திப் பத்து. அவர் ஓடுறார். நீங்க தேக்கா மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போற மாதிரி வர்றீங்க."

உர்சுலா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவர்கிட்ட சொல்லிடாதே யும்னா. நின்னுடுவார்."

"நான் ஏன் சொல்றேன்? ஆனா உங்க கால் என்ன வேகம்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும் அக்கா. அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அவளைவிட்டுப் போகவில்லை. தான் ஓடிக் காட்டியது ஒரு பொய், ஆனால் வாயால் சொன்னதல்ல. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்தாள். ஃபாதரிடம் 'மெதுவாக ஓடினேன்' என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொய்யால் ஒரு மனிதருடைய ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கிறது, அதனால் அது நல்ல பொய் என்று ஒருநாள் தோன்றும். மறுநாள் வேறு மாதிரித் தோன்றும். விட்டுக்கொடுப்பவளைப் பார்ப்பவர்களுக்கு அவள் பணிந்துபோவதாகத் தெரியும். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று அளந்து கொடுப்பவளின் கையில்தானே கயிறு இருக்கிறது? தான் சேவை என்று நினைத்ததில் கொஞ்சம் அதிகாரமும் இருந்ததை அவள் விரும்பாமல்தான் ஒப்புக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு விடியலில் பாசிர் ரிஸ் கடற்கரைப் பாதையில் தனியாக ஓடிப்பார்த்தாள். யார் பின்னாலும் இல்லாமல், யாருக்காகவும் அளக்காமல். ஐந்து நிமிடம்தான். அடுத்த ஓட்டத்தில் தன் காலைப் பிடித்து வைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் மரியஅந்தோணியிடம் சொன்னாள். அதைப் பெரிய நேர்மை என்று சொல்வதற்கில்லை.

சனிக்கிழமை வகுப்புக்குப் பிறகு தேக்கா உணவங்காடியில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். மரியஅந்தோணி மென்று முடித்தார்.

"மூணு தடவையுமா?"

"ம்."

"அந்த ரெண்டு செகண்ட், அதுவும் நீ வச்சதா?"

"ம்."

"ஏன், ஒரு பத்து செகண்ட் வச்சிருக்கலாமே?"

"பத்து வச்சா பின்னால ஆள் இல்லன்னு நீங்க நடக்க ஆரம்பிச்சிடுவீங்க."

அவர் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார். "உன் கால் சத்தம் பின்னால கேட்டுக்கிட்டே இருக்கும். விட்டா பிடிச்சிடுவான்னு ஓடுவேன். அப்ப நான் ஓடினதெல்லாம் பொய்யா உர்சு?"

"ஓடினது உங்க கால்தானே? மாத்திரை குறைஞ்சதும் பொய்யா?"

"மாத்திரைய விடு."

நிமிடங்கள் உண்மை, துரத்தல் பொய். பொய்யான துரத்தலுக்கு ஓடிய உண்மையான ஓட்டத்தை என்னவென்று சொல்வது? அவர் தேநீரைப் பாதியில் விட்டு எழுந்தார். ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓவர்டைம் வந்தது. வியாழக்கிழமை முதுகு வலித்தது. சனிக்கிழமை காரணம் எதுவும் சொல்லாமல் தூங்கினார். அடுத்த வாரமும் அப்படியே. உர்சுலா தனியாகப் போய்வந்தாள். வீட்டில் அவர் சர்க்கரையைப் பார்க்கும் சின்னக் கருவியின் எண்ணை இப்போதெல்லாம் சத்தமாகச் சொல்வதில்லை, பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் டாக்டர் சொன்ன ஊசிதான். கெஞ்சலாம், மகள் டானியலாவை விட்டுப் பேசச் சொல்லலாம், அழலாம். எதைச் செய்தாலும் மறுபடியும் அவரை இழுத்துக்கொண்டு ஓடுவதாகத்தான் ஆகும். அதனால் சும்மா இருந்தாள். சும்மா இருப்பதுதான் மிகவும் கடினமாக இருந்தது.

நான்காவது ஓட்டத்தன்று காலை ஐந்தரைக்கு அவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது மரியஅந்தோணி உடை மாற்றி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பார்க்கிற? ட்ரெயின் போயிடும்."

லவண்டர் நிலையத்தில் இறங்கி ஆற்றோரம் நடக்கும்போதுதான் அடுத்த வார்த்தை வந்தது. "இன்னிக்கு உன் ஓட்டத்தை நீ ஓடு. என்னைப் பாவம் பார்த்தியோ, பாதியிலேயே பஸ் ஏறிப் போயிடுவேன்."

யும்னா கடிகாரத்தை அழுத்தினாள். முதல் இருநூறு மீட்டரிலேயே உர்சுலா அவரைக் கடந்தாள். கடக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஆற்றைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு நினைக்க நேரமில்லை. மூச்சு நெஞ்சைக் கீறியது. பாலத்து நிழல் வந்து போனது. விளக்குக் கம்பத்தைச் சுற்றித் திரும்பினாள்.

திரும்பிய பிறகுதான் அவர் எதிரே வந்தார். இத்தனை மாதமும் அவள் பார்த்தது அவருடைய முதுகை: பிடரியின் நரைமுடி, பனியனில் பரவும் வேர்வை. ஓடும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வாய் திறந்திருந்தது. கன்னம் தொங்கி ஆடியது. அவள் அறிந்தவரைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் தனியாக, பின்னால் யாரும் இல்லாமல் வந்துகொண்டிருந்தார். அவளுடைய கால் தானாகத் தளர்ந்தது.

அவர் அதைக் கண்டுகொண்டார். ஒற்றை விரலை நீட்டி ஆட்டினார். "நிக்காத. போ."

அவள் போனாள்.

முடித்தபோது யும்னா நேரத்தை எழுதிக்கொண்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒலி முகம்மது வந்தார். பிறகு பாதை காலியாகக் கிடந்தது. பஸ் நிறுத்தம் பாலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று உர்சுலா நினைத்தாள். எதிரே போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு அடி வைத்தாள். அங்கேயே நின்றாள்.

கடைசியாக அவர் வந்தார். அழகான ஓட்டம் இல்லை; ஒரு கால் தேய்ந்தது. கோட்டைத் தாண்டி முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். பிறகு தானே நடந்துவந்து அவள் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"எத்தனை?"

"இருபத்து மூணு, ஆறு."

"போன தடவையவிட ஒரு நிமிஷத்துக்கு மேல ஜாஸ்தி."

"ரெண்டு வாரம் வரலையே நீங்க."

"அது இல்ல. பின்னால சத்தமே இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு தடவை நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒருத்தரும் பார்க்கல. பார்க்க ஆளில்லாத இடத்துல நின்னுக்கிட்டு என்ன பண்றது. வந்துட்டேன்."

அவளுடைய நேரத்தை அவர் கேட்கவில்லை. பிறகு பலகையில் பார்த்துக்கொள்வார், பதினேழு நிமிடம் இருபத்தொரு விநாடி. பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு யும்னாவிடம் போனார்.

"செவ்வாய்க்கிழமை ஏழு மணிதானே?"

"எப்பவும் ஏழுதான் அண்ணே."

"சரி" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. உர்சுலா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கிழமை அவர் வருவதற்கு அவள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அது நிம்மதியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கையிலிருந்த ஒரு வேலை போனதுபோலவும் இருந்தது.