ஜாமுக்கு நான் போட்ட உமரிக் கீரை

பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும்... "வீக்... வீக்..." என்று வீட்டையே இரண்டாக்கும். கவருக்குள் இருப்பது கொத்தமல்லியா, கருவாடா என்றெல்லாம் அவற்றுக்குக் கவலை இல்லை.

முயல்குட்டி அளவில் இரண்டு கினி பிக். வெள்ளை, பன். பழுப்பு, ஜாம். பேர் வைத்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி ஸ்டெல்லா. பிளஸ் டூ முடித்த கையோடு சென்னையிலிருந்து வாங்கி வந்தாள். மீன் போடும் பெரிய பிளாஸ்டிக் டிரேயைத் தேய்த்துக் கழுவி, காய்ந்த புல்லைப் பரப்பி, அதற்குள் விட்டாள்.

எங்கள் தோணிரேவில் அதற்கு முன் யாரும் அதை வளர்த்ததில்லை. எதிர்வீட்டு கஸ்தூரி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பெருச்சாளிக்கு வால அறுத்துட்டு வளக்கிறியா?" என்றாள்.

"உன் மாமியார விட சாதுடி இது," என்றேன்.

இரண்டு மாதத்தில் ஸ்டெல்லா நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனாள். போகும்போது என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று ஒரு பேப்பரில் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டினாள்.

"ஆயா, இத படிச்சிட்டு செய்யி."

"நாலு புள்ள பெத்து வளத்தவ நான். இந்தத் துக்கடாவுக்கு லிஸ்டா?"

ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து, கையால் தடவி இறால் பிடித்து, இவள் அம்மாவைப் படிக்க வைத்தவள் நான். அஞ்சாவது வரை படித்திருக்கிறேன், எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் அந்த லிஸ்டைப் படிக்கவில்லை. வீம்பு... வேறொன்றும் இல்லை.

எங்கள் ஊரில் மீன் பக்கத்தில், கீரை தூரத்தில். உப்பு மண்ணில் ஒன்றும் முளைக்காது. பொன்னேரியிலிருந்து ஒருவர் டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்தால்தான் கொத்தமல்லி. அந்த ஐப்பசியில் விடாத மழை. ஐந்து நாளாக அவர் வரவில்லை. பன்னும் ஜாமும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கத்தின.

ஏரிக்கரையில் உமரி மட்டும் தளதளவென்று கிடந்தது. நாங்கள் எப்போதும் சாப்பிடுகிற கீரைதானே... இரண்டு கை பறித்து அப்படியே போட்டேன். பன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஜாம் பெருந்தீனிக்காரி. ஒரு காம்பு விடவில்லை.

மறுநாள் காலையில் டிரே முழுக்க ஈரம். ஜாம் மூலையில் முடி சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. வயிறு போய்க்கொண்டே இருந்தது. கவரை எடுத்துச் சரசரவென்று ஆட்டினேன். பன் மட்டும் கத்தியது.

சாயங்காலம் ஸ்டெல்லா வீடியோ காலில் வந்தாள். பன்னைத் தூக்கிக் காட்டினேன்.

"ஜாம் எங்க ஆயா?"

"தூங்குது."

"இந்நேரத்துலயா?"

"உன் வளப்புதானே. உன்ன மாதிரிதான் இருக்கும்."

அவள் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டு டிரே பக்கத்திலேயே பாயை விரித்தேன்.

விடிந்ததும் நண்டுக் கூடையில் புல் போட்டு, ஜாமை வைத்து, மேலே துணி மூடி, பொன்னேரி பஸ் ஏறினேன்.

"இன்னாமா, நண்டா? லக்கேஜ் போடணும்," என்றார் கண்டக்டர்.

"ஆமா," என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மெதுவாக ஒரு "வீக்".

கண்டக்டர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த ஊரு நண்டுமா இது, கத்துது?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கத்துகிறதே, உயிர் இருக்கிறதே என்று.

மாட்டாஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. வெளியூர்ப் பெண். உமரி போட்டதைச் சொன்னேன், அவர் அதைப் பார்த்ததே இல்லையாம்.

"நீங்க அந்தக் கீரைய எப்படிமா சமைப்பீங்க?" என்று கேட்டார்.

"அதுவா... நல்லா வேக வெச்சு, அந்த உப்புத் தண்ணிய வடிச்சு, மறுபடியும் தண்ணி ஊத்தி வேக வெச்சு, அதையும் வடிச்சுக் கொட்டிட்டு..."

ஜாமுக்கு நான் ஒரு தண்ணியும் வடிக்காமல் பச்சையாகப் போட்டிருந்தேன்.

டாக்டரம்மா மருந்து கொடுத்தார். ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மூன்று நாள் மடியிலேயே வைத்துக்கொண்டேன். என் பிள்ளைகளுக்காகக்கூட அப்படி உட்கார நேரம் இருந்ததில்லை, ஏரிக்குப் போக வேண்டும்.

நாலாம் நாள் கவரைத் தொட்டேன். மடியிலிருந்து "வீக்!"

உடனே ஸ்டெல்லாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"லிஸ்ட்ட படிச்சியா ஆயா?"

"இல்லடி."

"இப்போ படி. சத்தமா."

காலண்டர் பக்கத்தில் நின்று, வாத்தியார் முன்னால் நிற்பதுபோல எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏழாவது வரி... "உப்பு கூடவே கூடாது." இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அதன்பிறகு உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டியில் செம்மண் நிரப்பி, நானே கொத்தமல்லி போட்டேன். கஸ்தூரிகூடக் கிள்ளிக்கொண்டு போவாள். பன் போய் இரண்டு வருஷம். ஜாம் போன தை மாசம்தான், வயசாகி, தூக்கத்தில்.

இப்போது ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன மாசம் வந்தவள் எனக்கு பிரஷர் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். காலண்டர் பக்கத்தில் புதுசாக ஒரு பேப்பர் ஒட்டிவிட்டுப் போனாள். கருவாடு கிடையாது, ஊறுகாய் கிடையாது. "உப்பு கூடவே கூடாது." அதே எழுத்து, அதே இரண்டு கோடு.

இந்தத் தடவை முதல் நாளே முழுசாகப் படித்துவிட்டேன்... சத்தமாகத்தான். பதிலுக்கு "வீக்" என்று கத்தத்தான் யாரும் இல்லை.