அப்பாவின் கழுத்தை அவளிடம் கொடுத்தது

ராசா என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில் மூன்று கட்டில்கள், நடுவே திரைச்சீலைகள். ஜன்னலோரக் கட்டில் என்னுடையது, அடுத்தது என் சக பிசியோவான அவளுடையது. இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் தம்பின் டவுன்காரி, கடைவீதியில் வளர்ந்தவள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தைக் காரில் போகும்போது பார்த்ததோடு சரி. நான் லுக்குட் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் செம்பனை எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா அங்கே இன்னும் குலை வெட்டுகிறார். அதனால் அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டபோது, அதைச் சரிசெய்யத் தகுந்த ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். அப்பாவைச் சரிசெய்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் கத்தி வைக்கத் தேவையில்லை, பிசியோ போதும் என்றார். கழுத்தில் ஏழு எலும்புகள். இரண்டாவதிலிருந்து கீழே, ஒவ்வொரு எலும்பும் அடுத்ததோடு பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சின்ன மூட்டுகளில் சேர்கிறது. கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகப் படிந்திருக்கும். குனிந்தால் வழுக்கி விலகும், அண்ணாந்தால் நெருங்கும். அண்ணாந்தபடியே ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து மூட்டு இறுகி நசுங்கும். அப்பாவுக்கு இடப்பக்கம், கீழ்க்கழுத்து.

முதல் மூன்று வாரமும் வரிசை தவறாமல் செய்தேன். சூட்டுப் பை பதினைந்து நிமிடம். கட்டைவிரலால் மூட்டை மெல்ல அழுத்தி அசைப்பது. தாடையை உள்ளே இழுக்கும் பயிற்சி, பத்து முறை. தோள்பட்டையைப் பின்னுக்குச் சேர்ப்பது, பத்து முறை. ஒவ்வொரு முறையும், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பேன். அப்பா இரண்டு என்பார். அடுத்த வாரமும் இரண்டு. மூன்றாம் வாரம் ஒன்று. நான் மகிழ்ந்து எழுதிக்கொண்டேன். கழுத்து திரும்பும் அளவு மட்டும் ஒரு பாகைகூடக் கூடவில்லை.

நான்காம் வாரம் எனக்குக் கோலாலம்பூரில் ஒரு நாள் பயிற்சி. அன்று அப்பாவை அவள் பார்த்தாள். மறுநாள் அப்பாவின் சிகிச்சைக் கோப்பைத் திறந்தேன். என் மூன்று பக்கங்களுக்குக் கீழே அவளுடைய சாய்ந்த கையெழுத்தில்: வலி எட்டு.

"எட்டா?" என்றேன்.

"ஆமா லா. உங்கப்பா செம்ம ஜோக்கு," என்றாள் மைலோவைக் கலக்கிக்கொண்டே. "மாப் கம்ப கையில குடுத்து, அங்கிள், இதான் உங்க அரிவாக் கம்பு, அந்த ஃபேன்தான் குலை, வெட்டுங்கன்னேன். 'ஃபேன் இன்னும் பழுக்கல டாக்டர்'ங்கிறாரு."

நடித்தும் காட்டினாள். அப்பா தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டுதான், நுனியில் அரிவாள் கட்டிய கம்பை இழுப்பாராம். மேலிருந்து கொட்டும் தூசி கண்ணில் விழாமல் இருக்க. குலை சரியும்போது தலையை இறக்காமலே பின்னால் நகர்வாராம், விழும் இடத்தைப் பார்த்தாக வேண்டுமே என்று. ஒரு நாளில் எத்தனை மரம். கழுத்தைத் திருப்பாமல் காலோடு உடம்பையே திருப்பச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போது தாடையை இறக்கி இழுக்க வேண்டும். அது சரியான வைத்தியம். அதில் குறை தேடி அன்று மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், கிடைக்கவில்லை.

குலை வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் வெட்டும் மர நிரைக்குள் போகக்கூடாது என்பது எங்கள் எஸ்டேட்டில் கண்டிப்பு. குலை தலையில் விழுந்தால் அவ்வளவுதான். எஸ்டேட்டில் வளர்ந்தும் அப்பா கம்பைத் தூக்கி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் வேலை எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, உட்காரவைத்தே கழுத்தை அளந்திருக்கிறேன். தம்பின்காரிக்குத் தெரியாது, அதனால் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவைக் காரில் அழைத்துவரும்போது கேட்டேன். "ஏம்பா, அவகிட்ட மட்டும் எட்டுன்னு சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு, சொன்னேன்."

"நானும் கேட்டேனே."

"நீ கேட்டா அதோட விடுவியா? வேலைய விடுங்கம்ப. மண்டோர்கிட்ட போயி நிப்ப. அது பாவம், எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருச்சு."

எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோரிடம் போய்ப் பேச நான் ஏற்கெனவே நாள் பார்த்து வைத்திருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

அன்று கிளினிக்கில் நானும் மாப்பைக் கொடுத்தேன். "வெட்டிக் காட்டுங்கப்பா."

அப்பா வாங்கி, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதுபோல் நேராக நின்றார். கம்பைக் கொஞ்சம் உயர்த்தினார். தலை அசையவே இல்லை.

"அண்ணாந்து பாருங்கப்பா."

"பாத்துட்டேன்."

"வலிக்குதா?"

"சேச்சே. எல்லாம் நீ குடுத்த சூட்டுலயே போயிருச்சு பாப்பா."

அப்பாவின் நெற்றியில் வியர்வை நின்றது. மாப்பை வாங்கி ஓரமாகச் சாய்த்தேன். அவர் அவளுடைய கட்டில் பக்கத் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தார். என்னிடம் பொய் சொல்லச் சொல்ல அந்த மூட்டு இன்னும் கெட்டுத்தான் போகும். இதை நன்றாகத் தெரிந்துகொண்டும் சிகிச்சைக் கோப்பை இன்னொருத்தியிடம் கொடுக்க எனக்கு நான்கு நாள் ஆனது. மாற்றும் படிவத்தில் காரணம் என்ற கோட்டில் 'நோயாளி என் தந்தை' என்று எழுதினேன். அவளிடம் நீட்டியபோது, "ஐயோ, நீயே பாரேன் லா, உனக்கு ஆசை இருக்குமே," என்றாள். அவள் நல்லவளாகவும் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியையின் இடுப்பில் என் கை. அந்தப் பக்கம் அவள் விரல் எந்த மூட்டில் நிற்கிறது என்று கேட்டே என்னால் சொல்ல முடிந்தது.

"இங்கயா அங்கிள்?"

"ஆ... ஆமா டாக்டர், அங்கதான். வலிக்குது, ரொம்ப வலிக்குது," என்றார் அப்பா, கூச்சமே இல்லாமல்.

"கொஞ்சம் மெல்லமா அழுத்தும்மா," என்றார் ஆசிரியை. கையைத் தளர்த்தினேன்.