மூத்த மருமகள் போட்ட ஃபேன்

ஒரு வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பதைப் போல வினை வேறில்லை. அவசர உதவி கேட்டு வரும் அழைப்பில் பேசுகிறவர் எந்த மொழிக்காரர் என்று கண்டுபிடித்து, அந்த மொழி தெரிந்தவரிடம் தள்ளிவிடும் அலுவலகம் அது. மூத்தவள் காதால் கண்டுபிடிப்பாள். பின்னால் வந்த இளையவள் அதே வேலைக்கு ஒரு கணினியைப் பழக்கினாள். மலைக்காரர்களின் மொழியை மூத்தவளே சில சமயம் கோட்டை விடுவாள். இளையவள் சேர்த்த பதிவுகளைப் போட்டுச் சோதித்தபோது கணினி ஒன்றைக்கூட விடவில்லை. அன்றிலிருந்து மாமியார் வாயில் சின்னவள் புராணம்தான். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை.

அந்தப் பிரிவுக்குத் தலைவி பதவி வரப்போகிறது என்றதும் எரிச்சல் இன்னும் கூடியது.

"நேத்து வந்தவ எனக்கு மேல உக்காருவாளா?" என்று கணவனிடம் பொருமினாள்.

"நல்லா வேலை செய்றா, குடுத்தா என்ன?" என்றான் அவன். அவனிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் புழுக்கம் தாங்காமல் மேசை ஃபேனைப் போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் சோதனை மைக்கில் தன் தாய்மொழியிலேயே கணினியைத் திட்டித் தீர்த்தாள். மலைமொழி என்று காட்டியது. ஃபேனை நிறுத்திவிட்டுத் திட்டினாள், சரியாகச் சொன்னது. காரணம் அவளுக்குப் புரியவில்லை, புரியவும் வேண்டாம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று, "ரொம்பப் புழுங்குது இல்ல சார்?" என்று கரிசனமாக ஃபேனைத் தட்டிவிட்டாள். யார் பேசினாலும் மலைமொழி, மலைமொழி என்றது கணினி. அதிகாரியின் முகம் சுண்டியது. மூத்தவளுக்கு மனசு குளிர்ந்தது.

இளையவள் ஃபேனையே பார்த்தாள். நிறுத்திப் பேசினாள், போட்டுப் பேசினாள்.

"ஐயோ, என் தப்பு சார்! மலைக்காரங்களை மட்டும் எங்க வீட்டுக் கூடத்துல வெச்சுப் பதிவு பண்ணினேன். ஃபேன் ஓடிட்டே இருந்துச்சு. இது அவங்க பேச்சைக் கத்துக்கல, ஃபேன் சத்தத்தைக் கத்துக்கிச்சு! பஸ்ல, சந்தையில, கரகரங்கற போன்லன்னு எல்லா மொழியையும் எல்லா எடத்துலயும் பதிவு பண்ணணும்."

"தப்பைச் சட்டுனு பிடிச்சு, உங்களுதுன்னு ஒத்துக்கவும் செஞ்சீங்களே!" என்ற அதிகாரி பதவியை அங்கேயே அவளுக்குச் சொல்லிவிட்டார்.

"ஃபேன் போட்டது எங்க அக்கா சார். அவங்க இல்லேன்னா, உசுருக்குப் போராடுறவங்க அழைப்பை ஆள் மாத்தி அனுப்பியிருப்போம்" என்று இளையவள் மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வேறு.

இப்போது மூத்தவள் அவளுக்குக் கீழே, பதிவுக் கருவியோடு சந்தை சந்தையாக அலைகிறாள். திரும்பி வந்தால் தலைவி எழுந்து நிற்கிறாள். "உக்காருங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க."

ஒரு தடவையாவது அதிகாரம் பண்ணினால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொள்ளலாம். பாவி, அதற்கும் வழி விடமாட்டேன் என்கிறாள்.