கரிக்காத தண்ணீர்

பெற்றவர்கள் அவருக்கு ஆசையாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். படகுத்துறையில் அது ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் உப்பண்ணன்தான். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு படகின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால், வெளியே இருக்கிற கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அல்லது உள்ளேயிருக்கிற குடிதண்ணீர்த் தொட்டியோ குழாயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முன்னது ஆளை மூழ்கடிக்கும். பின்னது வெறும் தலைவலி. எது என்று கேட்டால் உப்பண்ணன் தரைப்பலகையைத் தூக்குவார், விரலை நனைப்பார், நாக்கு நுனியில் வைப்பார், துப்புவார். "கடல்" என்பார், இல்லாவிட்டால் "குழாய்" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாக்கு எல்லோருக்கும்தான் இருக்கிறது. டீசலும் சோப்பும் அழுக்கும் ஊறிக் கிடக்கிற தண்ணீரை அதில் வைக்கத்தான் மற்றவர்களுக்கு மனசு வரவில்லை. தொட்டு நக்குகிற வேலைக்கு இத்தனை மரியாதையா என்று அவர் மனைவி கேலி செய்வாள். அந்த மரியாதையில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் படித்தாள், கல்யாணமும் ஆனது.

சமீபத்தில் ஒரு காய்ச்சல் வந்து அவரைப் படுக்கையில் போட்டது. எழுந்தபோது தேநீர் வெறும் வெந்நீராக இருந்தது. உப்பு போதுமா என்று மனைவி கேட்டால் போதும் என்பார். ஒருநாள் அவள் உப்பே போட மறந்திருந்தாள். அன்றைக்கும் போதும் என்று சொல்லி வசமாக மாட்டிக்கொண்டார். டாக்டர், சுவை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அந்தப் பதிலைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று உப்பண்ணனுக்கு எரிச்சல். மகளிடம் மூச்சு விடக் கூடாது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார். காலையில் மனைவி எழுவதற்கு முன் சமையலறையில் நின்று ஒரு சிட்டிகை உப்பை வாயில் போட்டுப் பார்ப்பார். மணலை மெல்வது போலிருக்கும்.

மகளுக்கும் மருமகனுக்கும் வீடே படகுதான். சிறிய அறை, சமையலுக்கு ஒரு மூலை, பல் முளைக்கத் தொடங்கியிருந்த பேத்திக்கு ஒரு தொட்டில். மருமகனுக்குத் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. போய்ச் சேர நடுக்கடலில் இரண்டு நாள் ஆகும். பிற்பகலில் கிளம்ப வேண்டும். காலையில் தரைப்பலகையைத் தூக்கிய மருமகன் அடியில் தண்ணீரைப் பார்த்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டான்.

உப்பண்ணன் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ஒன்றுமே இல்லை, வெறும் ஈரம். கரிக்கவில்லை, கரிக்கவில்லை என்றால் நல்ல தண்ணீர்தானே என்று அந்த ஒரு நொடியில் மனசு அவருக்கு வக்காலத்து வாங்கியது. மகளும் மருமகனும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குழாய்தான், மாப்ள" என்றார்.

மருமகன் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான். கடல் என்றால் படகைக் கரையில் ஏற்றி, வேலையையும் விட்டிருக்க வேண்டும். குழாய் என்றால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மகள் மூட்டை கட்டப் போனாள்.

உப்பண்ணன் அடியிலிருந்த தண்ணீரை ஒட்ட எடுத்துத் துணியால் துடைத்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால், குளியலறைச் சுவருக்குள் என்று ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த காகிதத்தைச் சுற்றினார். ஒழுகுகிற இடத்தில் காகிதம் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒரு காகிதமும் நனையவில்லை. பிறகு பம்பின் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாயில் எங்காவது கசிந்தால், யாரும் திறக்காமலேயே பம்பு தானாக ஓடி நிற்கும். பம்பு வாயே திறக்கவில்லை. குடிதண்ணீர்த் தொட்டியில் பென்சிலால் போட்ட கோட்டிலிருந்து மட்டம் இறங்கவும் இல்லை. ஆனால் துடைத்த அடித்தளத்தில் மறுபடியும் தண்ணீர் நின்றது.

தொட்டியிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை என்றால் இந்தத் தண்ணீர் வேறு எங்கிருந்து வரும்? துறையில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூட அது தெரியும். தெரிந்தும் அவர் இன்னொரு சுற்று காகிதம் சுற்றினார். குழாயாக இருந்துவிடு, குழாயாக இருந்துவிடு என்று அந்த இரும்பையும் பிளாஸ்டிக்கையும் கெஞ்சினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரலைத் திரும்பத் திரும்ப அந்தத் தண்ணீரில் முக்கி நாக்கில் தேய்த்தார். நாக்கு எரிந்ததே ஒழிய வேறு எதுவும் சொல்லவில்லை.

"கிடைச்சுதா, மாமா?" என்று மேலேயிருந்து மருமகன் கேட்டான். கயிறுகளை எல்லாம் சரிபார்த்துவிட்டானாம்.

உப்பண்ணன் கையில் ஸ்பானர் இருந்தது. சுத்தமாக உலர்ந்து கிடந்த ஓர் இணைப்பை அரைச்சுற்று முறுக்கினார். கிடைத்துவிட்டது என்று சொன்னால் போதும். பெயர் நிற்கும், மாப்பிள்ளையின் மரியாதை நிற்கும், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கிடைச்சுது என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தலைக்கு மேல் பலகையில் பேத்தி தவழ்கிற சத்தம் கேட்டது. அவர் அப்படியே குப்புறப் படுத்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதார். இப்படி ஒரு மனுஷனா நான் என்று இருந்தது.

பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

"இந்தத் தண்ணிய நாக்குல வெச்சுப் பாரும்மா."

"நீங்கதான் பார்த்தீங்களேப்பா."

"எனக்குத் தெரியலம்மா. காய்ச்சலுக்கு அப்புறம் உப்பும் தெரியல, சர்க்கரையும் தெரியல. தெரியாமயே சொல்லிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது.

"கடல்ப்பா."

மருமகன் இன்ஜின் பக்கம் இறங்கினான். இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்நீரை இழுக்கிற தடித்த ரப்பர்க் குழாய், கை எட்டாத பின்பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. அதன் அடைப்பானை மூடித் துடைத்தபின் தரை உலர்ந்தே கிடந்தது. அது நடுக்கடலில் பிய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருமகன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட உப்பண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"காய்ச்சலுக்கு அப்புறம் வேற யார் படகையாவது பார்த்துச் சொன்னீங்களா, மாமா?"

சொல்லியிருந்தார். அண்ணனும் தம்பியுமாய் மீன்பிடிக்கிற ஒரு படகு. அதற்கும் இதே ஒற்றை வார்த்தை, குழாய் என்று. ஒரு குழாயில் லேசாகக் கசிவு இருக்கவே வாஷரை மாற்றிவிட்டு, பயமில்லாமல் போங்கள் என்று அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் இப்போது கடலில். எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினார். மகள் போனை வாங்கி அழுத்திக் கொடுத்தாள். கரையை ஒட்டித்தான் வலை போட்டிருந்தார்கள் போலிருக்கிறது, மூத்தவன் எடுத்தான். அடியில் தண்ணீர் இருக்கிறதா, இருந்தால் தொட்டு நாக்கில் வைத்துப் பார் என்றார் உப்பண்ணன். அவன் பலகையைத் தூக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவருக்கு உயிர் போய்த் திரும்பியது.

கொஞ்சம்தான் கிடக்கிறது, நல்ல தண்ணீர்தான் என்றான் அவன். "உங்க நாக்கு என்னிக்குண்ணே பொய் சொல்லியிருக்கு?"

அதோடு போனை வைத்திருக்கலாம். மகளும் மருமகனும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்றால் ஒருவேளை வைத்திருப்பார், யார் கண்டது.

"அன்னிக்கு எனக்கு எதுவும் தெரியல தம்பி" என்றார். "சுவையே தெரியாது எனக்கு. தெரிஞ்ச மாதிரி சொல்லி உங்களை அனுப்பிட்டேன்."

அந்தப் பக்கம் அவன் இன்ஜினை நிறுத்தினான். பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

"எங்க ரெண்டு பேரையுமாண்ணே?"

"ஆமா" என்றார் உப்பண்ணன்.