சாக்கில் ஏறிய கடல்

கடலைக் கண்டால் எனக்குப் புத்தி கழன்றுவிடும். என் மனைவி இதைச் சொல்லாத நாளில்லை. அவள் முதன்முதலாக அறுத்த அரைக்கீரையை நான் சந்தைக்குக் கொண்டுபோன அன்றும் அதுதான் நடந்தது.

ஆத்தூருக்குக் கிழக்கே நாங்கள் குத்தகைக்குப் பிடித்த துண்டு நிலத்தை உவர் என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. அவள் கேட்கவில்லை. ஆற்று வண்டலையும் ஆட்டுப் புழுக்கையையும் சுமந்து கொட்டி, ஒரு வருஷம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டினாள். கீரை வந்தது. தூத்துக்குடி சந்தையில் கீரை விற்கும் அக்கா, முதல் சுமை நன்றாக இருந்தால் தினமும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

நேர்ச்சாலையில் போயிருக்கலாம். இளவெயில் என்னை இழுத்தது. புன்னைக்காயல் பக்கம் மொபெட்டைத் திருப்பினேன். கடலில் கலக்கும் ஆறு அங்கே அவசரமெல்லாம் தீர்ந்து அகன்று கிடந்தது. எது தண்ணீர், எது வானம் என்று தெரியவில்லை. படகுகள் அந்தரத்தில் நின்றன. மாதா கோயில் மணி ஓய்ந்த பிறகும் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, கீரையை மூடியிருந்த ஈரச்சாக்கு காய்ந்துபோயிருந்தது. நான் கடலுக்குத் தள்ளி, ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும் ஏரல் பக்கம் வளர்ந்தவன். வழியில் ஆறு தென்பட்டால் சாக்கை ஒரு முக்கு முக்கிப் போர்த்துவது எங்கள் கைப்பழக்கம். அப்படியே செய்தேன்.

சந்தையில் சாக்கை விலக்கினால் கட்டுகள் துவண்டு கிடந்தன. அக்கா ஓர் இலையைக் கிள்ளி மென்று துப்பினார்.

“உவர் மண்ணுக் கீரைலே இது. அங்கன ஒண்ணும் வெளயாதுன்னு அப்பமே சொன்னாங்க. இனிமே கொண்டாராத.”

சாக்கின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கடல் ஏறி ஆற்றுக்குள் வந்திருந்த நேரத்தில் முக்கியிருக்கிறேன். அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. சுமையோடு நிலத்துக்குத் திரும்பினேன்.

அவள் அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“உவர்னு சொல்லிட்டாங்க.”

அவள் என்னைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தாள். “அப்போ ஊரு சொன்னதுதான் சரியா?”

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. “ஏளா, மண்ணு இல்ல, நான்தான்” என்று எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி, கண்ணை மூடி மெதுவாக மென்றாள். கண் ஓரம் நனைந்தது. பிறகு ஒரு பிடி அறுத்து என் கையில் திணித்தாள்.

“இத அவங்ககிட்ட குடுத்து, நடந்ததயும் நீங்களே சொல்லுங்க. சொல்லாம இங்கன வராதீங்க.”

நேர்ச்சாலையிலேயே போனேன். அக்கா கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல் இலையை மென்றார்.

“மண்ணுல பழுதில்ல. அவகிட்ட போயிச் சொல்லு.”

வழிநெடுக அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன், ஒரு வார்த்தைகூடச் சிந்திவிடாமல் அவளிடம் சேர்க்க வேண்டும் என்று.